இலங்கைக்கு எந்த மாதம் போவது என்பதைவிட, எந்தப் பக்கம் போவது

திருப்பூரில் பனியன் கம்பெனி, தீபாவளிக்கு மூடும்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக லீவு, அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏழெட்டு நாள் இலங்கை போகவேண்டும், பிள்ளைகளுக்குக் கடல், பெரியவர்களுக்குக் கதிர்காமம், நடுவில் நுவரெலியா, ஆனால் மழை பெய்யும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள், எந்த மாதம்தான் நல்லது என்று கேட்டிருந்தீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தீபாவளி வேண்டாம். தீவின் நாலு பக்கமும் சேர்ந்து நனைகிற காலம் அதுதான். பொங்கல் லீவில் போனால் தெற்கும் மேற்கும் மலையும் அருமையாக இருக்கும். ஆடி, ஆவணியில் போனால் கிழக்கும் வடக்கும். அதாவது இலங்கைக்கு 'நல்ல மாதம்' என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பக்கம் நன்றாக இருக்கும், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரைக்கும் தவிர. எதனால் என்று தெரிந்துகொண்டால் அப்புறம் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள்.

நான் பொள்ளாச்சிப் பக்கம், தென்னை நார் வியாபாரம். அந்த வேலையாகக் குருநாகல், குளியாப்பிட்டி என்று அவர்களுடைய தென்னை நாட்டுக்குப் போய்வருவது வழக்கம். காயர் பித் எனப்படும் தென்னை நார்த்தூளைக் களத்தில் கொட்டிக் காயவைக்கிற தொழிலில் இருப்பவனுக்கு வானத்தைப் பார்க்காமல் ஒரு நாளும் ஓடாது. அங்கே களத்தில் நிற்கிற ஆட்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தார்ப்பாயை இழுக்க ஆரம்பித்தார்கள் என்றால் மூன்றரைக்குள் கொட்டும். செல்போன் சொல்வதைவிட அவர்கள் கையை நம்பலாம்.

சரி, மழைக்கு வருவோம். ஆடி மாதத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வால்பாறையில் மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருப்பார்கள், சின்னக்கல்லாற்றில் இறங்கி நடக்க முடியாது, பொள்ளாச்சியில் சாரல், உடுமலை தாண்டினால் காற்று மட்டும், தாராபுரம் காங்கேயம் போனால் புழுதி. எல்லாம் ஒரே நாள், ஒரே காற்று. மேற்கே இருந்து வருகிற ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. ஐப்பசியில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வரும்போதுதான் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி மழை.

இலங்கையும் இதேதான், தீவின் நடுவில் மலை இருக்கிறது என்பது மட்டும் வித்தியாசம். அங்கே மிக உயரமான மலை பிதுருதலாகல 2,524 மீட்டர், கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா உயரம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. கொழும்பு, காலி, இரத்தினபுரி, ஹட்டன், வட்டவளை எல்லாம் நனையும். அதே நாட்களில் திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை, யாழ்ப்பாணம் காயும். அந்தக் காய்ந்த சூட்டுக் காற்றைக் கிழக்கில் கச்சான் காற்று என்பார்கள், மதியத்தில் முகத்தில் அடித்தால் நம் பல்லடம் காற்றுக்குத் தம்பி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலைகீழ்: வடகிழக்குக் காற்று கிழக்கை நனைக்கும், கொழும்பு காலிப் பக்கம் வெயில். இரண்டுக்கும் இடையில் மார்ச், ஏப்ரல் ஓர் இடைக்காலம், அக்டோபர், நவம்பர் இன்னோர் இடைக்காலம். அங்கே வானிலைத் துறையும் வருஷத்தை இப்படித்தான் நாலாகப் பிரிக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. கண்டியிலிருந்து பதுளை போகிற ரயில் நானுஓயா தாண்டி ஏறிக்கொண்டே போய்ப் பட்டிப்பொல என்ற நிலையத்தைத் தொடும், சுமார் 1,890 மீட்டர், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டினால் ஒரு சுரங்கம். ஜூலையில் போனால் சுரங்கத்துக்கு முன்னால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனித்து, வெளியே ஒன்றும் தெரியாமல், தூறலும் மூடுபனியுமாக இருக்கும். இருட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஒஹிய பக்கம் பளிச்சென்று வெயில், கீழே பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும். எல்லா நாளும் இப்படி நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பலரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு விஷயம்: 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை நிறைய இடங்களில் சிதைந்தது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை வண்டி ஓடுகிறது என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி தீபாவளி. அந்தச் சமயத்தில் தென்மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், வடகிழக்கு இன்னும் நிலைகொண்டிருக்காது. காற்று பலமாக இல்லாததால் அன்றன்று சூட்டில் எழும்புகிற மேகம் அங்கங்கேயே இடியோடு கொட்டும், மலைக்கு எந்தப் பக்கம் என்ற கணக்கெல்லாம் செல்லாது. அதோடு வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிற பருவமும் அதுதான். கொழும்பில் அக்டோபர் ஒரு மாதத்தின் சராசரி மழை 350 மில்லிமீட்டரை ஒட்டி வரும். கோயம்புத்தூர் நகரத்துக்கு வருஷம் முழுக்கக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. திருகோணமலையில் நவம்பரும் டிசம்பரும் தலா 300-ஐத் தாண்டும். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வருஷமாக இருந்தால் இந்த மழை இன்னும் கூடுகிற வாய்ப்பு அதிகம். புயல் வரலாறும் பயமுறுத்துவதுதான்: 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட புயல், 1964 டிசம்பரில் இலங்கையின் வடக்கே கடந்து வந்து நம் தனுஷ்கோடியை அழித்த புயல், இப்போது டிட்வா. டிட்வாவில் வெள்ளத்தாலும் மலைச்சரிவாலும் பல நூறு பேர் இறந்தார்கள். வருஷா வருஷம் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, நுவரெலியாவுக்கு வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில், நவம்பர் ராத்திரியில் வேன் ஓட்டுகிற நிலைமை எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

பொங்கல் லீவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் குடும்பத்துக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன். கம்பெனிக்கும் அப்போது லீவு உண்டு, பள்ளிக்கும் உண்டு, கூட இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொண்டால் ஒரு வாரம் தேறும். ஜனவரி நடுவில் கொழும்பு தொடங்கிப் பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ வரை கடல் அமைதியாக இருக்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம். இதே கடற்கரை மே மாதம் முதல் செப்டம்பர் வரை அலை அடிக்கிற அடியில் பல இடங்களில் சிவப்புக் கொடி நட்டிருக்கும். வெயில் அடிக்கிறதே என்று இறங்கக் கூடாது; மழை இல்லாத நாளிலும் அந்தப் பருவத்துக் கடல் இழுக்கும். இது நிறையப் பேருக்குப் புரியாத விஷயம், மழையும் கடலும் ஒரே காற்றால் வந்தாலும் மழை விட்டவுடன் கடல் அடங்கிவிடாது.

மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கலம் பார்க்கப் படகு விடுகிறார்கள், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் அதற்குப் பருவம். விடியற்காலையிலேயே கிளம்பி ஆழ்கடலுக்குப் போகும், குமட்டல் வருகிறவர்கள் கரையிலேயே இருப்பது உத்தமம். உங்கள் அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள் என்பது என் யோசனை.

ஜனவரியில் நுவரெலியா காய்ந்து, தெளிந்து, நடுங்க வைக்கும். ராத்திரியில் பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம், ஊட்டிக்கு எடுத்துப்போகிற ஸ்வெட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற அந்தப் பள்ளத்தைப் பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்; அப்போதும் காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் போய்விட வேண்டும், அப்புறம் மூடுபனி ஏறி வெள்ளைச் சுவர்தான் தெரியும். தேயிலையில் நாக்கு உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். திம்புள, நுவரெலியாத் தேயிலை ருசியாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை பறித்ததில். பதுளை இருக்கிற ஊவா பக்கத்துத் தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரை பறித்ததில். இரண்டுக்கும் காரணம் ஒன்றே, அந்தந்தப் பக்கத்தில் காய்ந்த காற்று அடிக்கிற காலம். குன்னூரில் மார்கழி, தைக் குளிரில் வருகிற தூளுக்கு நாம் அலைவது போலத்தான் அங்கேயும்.

ஆதாம் சிகரம் என்கிற சிவனொளிபாத மலை ஏறுவதாக இருந்தாலும் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் பருவம். அந்த நாட்களில் பாதை நெடுக விளக்கு எரியும், டீக்கடை இருக்கும், கூட்டம் கூடவே வரும். மற்ற மாதங்களில் இருட்டிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நீங்களும் உங்கள் டார்ச்சும்தான்.

பொங்கல் லீவில் கிழக்குப் பக்கம் போகத் திட்டமே போடாதீர்கள். தை பிறந்தால் மழை போய்விடும் என்று நம்மூர்க் கணக்கை அங்கே வைக்கக் கூடாது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் அப்போது கலங்கிய கடலும் ஆளில்லாத விடுதியுமாகத்தான் இருக்கும். வாடகை குறைவாகப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கதிர்காமம் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அது தென்கிழக்கு மூலையில் காய்ந்த பகுதி, பக்கத்து அம்பாந்தோட்டைக்கு வருஷத்துக்கே ஆயிரம் மில்லிமீட்டர் அளவில்தான் மழை. ஜனவரியில் காலியிலிருந்து அப்படியே கடலோரமாகப் போய்த் தரிசனம் முடித்துவிட்டு, யால காட்டில் ஒரு காலை சவாரி போய், எல்ல வழியாக மலை ஏறினால் சுற்றும் ஒழுங்காக வரும். எல்ல, பண்டாரவளை ஊவா பக்கம் என்பதால் ஜனவரியிலும் கொஞ்சம் மழை மிச்சம் இருக்கலாம், மத்தியானத்துக்குள் ஏறிவிடுங்கள். யாலவின் முக்கியமான பகுதியைச் செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் நடு வரை மூடிவைப்பது வழக்கம், அது உங்களைப் பாதிக்காது.

ஆனால் கதிர்காமத்தில் திருவிழாவே பார்க்கவேண்டும் என்று அப்பா சொன்னால் கதை மாறுகிறது. அது ஆடியை ஒட்டி, ஜூலை, ஆகஸ்டில் வரும், ஆடிப் பௌர்ணமிப் பக்கம் தீர்த்தத்தோடு முடியும். வடக்கிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் காட்டு வழியே பாத யாத்திரை வருகிறவர்களை அப்போது பார்க்கலாம். பழனிக்கு நடந்த கால் உள்ளவர்களுக்கு அதைப் பார்த்தால் உள்ளங்கால் குறுகுறுக்கும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்கு ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் விழா. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சொன்ன நேரத்துக்குப் பூஜை நடக்கிற ஒழுங்கை அங்கேதான் பார்க்கவேண்டும், நம்மூர்க் கோயில்களில் அதற்குப் பழக்கமே விட்டுப்போய்விட்டது.

சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று முருகனைச் சுற்றியே வாழ்கிற ஊர்க்காரர்களுக்கு ஆகஸ்ட் பயணம் ஒருவகையில் பொங்கலைவிட நிறைவாக இருக்கும். அப்போது யாழ்ப்பாணம் காய்ந்து வெந்துகொண்டிருக்கும், மழை கெடுக்காது. அங்கிருந்து இறங்கி வந்தால் திருகோணமலை: கோணேசுவரம் பாறை மேல், கீழே பச்சைக் கடல். இன்னும் தெற்கே பாசிக்குடாவில் ஜூன், ஜூலையில் குழந்தையின் இடுப்பளவு ஆழத்தில் நெடுந்தூரம் நடக்கலாம், அலை என்ற ஒன்றே இருக்காது. ஜூன் மாதச் சராசரி மழை திருகோணமலையில் 30 மில்லிமீட்டருக்குள். அலை வேண்டும் என்கிற இளவட்டங்கள் இதே காலத்தில் அறுகம்பைக்குப் போவார்கள், பலகை மேல் ஏறி நிற்கிற விளையாட்டுக்கு உலகமே அங்கே வரும். மின்னேரியாக் குளத்தில் தண்ணீர் வற்றி, தரையில் புல் முளைத்து, ஆகஸ்ட் செப்டம்பரில் யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். ஆழியாறு டாப்ஸ்லிப்பில் ஒரு யானைக்காக நாள் முழுக்கக் காத்திருந்து பழகியவனுக்கு, ஒரே மைதானத்தில் அத்தனை யானை நிற்பதைப் பார்த்தால் வாய் திறந்தது மூடாது. கண்டியில் யானைகளோடு நடக்கிற எசல பெரஹெரா ஊர்வலமும் அதே ஜூலை, ஆகஸ்டில்தான். அந்த வாரம் கண்டியில் அறை வாடகை எகிறும், ராத்திரித் தூறலும் இருக்கலாம், குடை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சிக்கல் என்னவென்றால் ஆகஸ்டில் நம் பிள்ளைகளுக்கு லீவு இல்லை. சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி என்று ஏதாவது சனி ஞாயிறோடு ஒட்டி வந்தால் இரண்டு மூன்று நாள் போட்டுச் சமாளிக்கலாம், அது உங்கள் பாடு.

கோடை லீவு? ஏப்ரலில் இலங்கை முழுக்கக் காலையில் நல்ல வெயில், மதியம் மூன்று மணிக்கு மேல் இடிமழை, ராத்திரி தெளிவு. வெளியில் சுற்றுகிற வேலையெல்லாம் காலையில் முடித்துக்கொண்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் கடைகள் பாதி மூடியிருக்கும், டிரைவர் கிடைப்பது கஷ்டம், நுவரெலியாவில் கொழும்பே திரண்டு வந்து உட்கார்ந்திருக்கும். மே முதல் பாதியில் கிழக்குக் கரை நல்ல தேர்வு. மே கடைசியில் மேற்கும் இரத்தினபுரியும் வேண்டவே வேண்டாம். 2017-ல் மே மாதக் கடைசி வெள்ளத்திலும் மண்சரிவிலும் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தென்மேற்குக் காற்று கேரளாவைத் தொடுவதற்குச் சில நாள் முன்னாலேயே அங்கே தொட்டுவிடும்.

போகிற வழி பற்றி: நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள் என்று ஆசைப்பட்டால் அதற்கும் இதே கணக்குதான். 2023 அக்டோபரில் ஆரம்பித்து, பருவமழை என்று அதே மாதம் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அந்தக் கப்பலை நம்பி ஹோட்டல் போடக்கூடாது. பொங்கலுக்கு என்றால் திருச்சி, மதுரை, கொச்சி மூன்றில் எது வசதியோ அங்கிருந்து விமானம் பாருங்கள்.

இன்னொன்று, எந்த மாதம் போனாலும் நாட்காட்டியில் பௌர்ணமி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே அரசு விடுமுறை, மதுக்கடையும் இறைச்சிக் கடையும் மூடியிருக்கும், கோயில் ஊர்களில் கூட்டம் நெரியும். அனுராதபுரத்தில் ஒரு பௌர்ணமியைப் பார்ப்பது அழகுதான், அன்றைக்கு ஊர் விட்டு ஊர் மாறுவது தொல்லை.

அந்தமான், பாலி, மாலத்தீவு என்றும் பின்னால் யாராவது கேட்பார்கள். அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும், ஒதுங்கிக்கொள்ள மறுபக்கம் கிடையாது, ஜனவரி முதல் ஏப்ரல் வரை போங்கள். மாலத்தீவில் மலையே இல்லை, அங்கேயும் ஜனவரி முதல் ஏப்ரல்தான். பாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நேர் எதிர், மே முதல் செப்டம்பர் வரை காய்ந்திருக்கும், பொங்கலுக்குப் போனால் நல்ல மழை.

இவ்வளவு சொல்லியும் தீபாவளிக்குத்தான் முடியும் என்றால், நான்கு விஷயம் செய்யுங்கள். கடலையும் நுவரெலியாவையும் விட்டுவிட்டு சிகிரியா, பொலன்னறுவை, கண்டி என்று நடுவில் இருங்கள், பார்ப்பதை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பக் கிடைக்கிற அறையாகப் போடுங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. இலங்கை வானிலைத் துறை தமிழிலேயே முன்னறிவிப்பு போடுகிறது, மலைச்சரிவு எச்சரிக்கை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வரும், இரண்டையும் கிளம்புவதற்கு முந்தைய வாரத்திலிருந்து தினமும் பாருங்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் டிக்கெட் காசு போனாலும் போகட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.